12 வாரப் பாப்பாவோடு திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு

பாப்பாவுக்கு 12 வாரம் முடிந்து 2 நாள் ஆகியிருந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஒருத்தியாகத் திருச்சியில் விமானம் ஏறினேன். தலைப்பிரசவம், சிசேரியன், தஞ்சாவூரில் அம்மா வீடு. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பிரசவத்துக்கு வந்து 3 வாரம் இருந்துவிட்டுப் போனார், மறுபடி லீவு கிடைக்காது. அப்பாவுக்கு முட்டி வலி, அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. அதனால் நான்தான் கொண்டுபோக வேண்டும் என்று முடிவானது. போவதற்கு முன்னால் கைக்கு அகப்பட்டதையெல்லாம் படித்தேன், அக்கம்பக்கத்தில் போய் வந்தவர்களையெல்லாம் கேட்டேன். எல்லாருமே குழந்தைக்கு என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். தூக்கிக்கொண்டு போகிறவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு நான் பட்ட கஷ்டத்தில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் போகலாமா கூடாதா என்பதே வீட்டில் பெரிய பேச்சாக இருந்தது. "மூணு மாசம் திரும்பாத புள்ளைய கடல் தாண்டி எடுத்துட்டுப் போவாங்களாடி" என்று அம்மாச்சி தினமும் கேட்டார். அவருக்குப் பிறந்த எட்டில் மூன்று தங்கவில்லை. அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் 10-ஆவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார்: விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல இருக்கும், ஊட்டியே 7,000 அடிக்கு மேல்தான், ஊட்டிக்குக் கூட்டிப் போவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள் என்று. நிறைமாதக் குழந்தை, எடை சரியாக ஏறுகிறது, சளி இல்லை, பயமில்லை. குறைமாதமாகப் பிறந்திருந்தாலோ இதயத்திலோ நுரையீரலிலோ ஏதாவது இருந்தாலோ கதை வேறு, அப்போது கட்டாயம் தனியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். பிறந்து சில நாளே ஆன குழந்தையைக்கூட ஏற்றிக்கொள்ளும் விமான நிறுவனங்கள் உண்டுதான். ஆனால் ஏற்றிக்கொள்வார்கள் என்பதற்காகப் போக வேண்டியதில்லை, 6-ஆவது வார ஊசியும் 10-ஆவது வார ஊசியும் முடியட்டும், ஊசி போட்டால் ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், அது அடங்கி ஒரு வாரமாவது போகட்டும் என்பது அவர் கணக்கு. 14-ஆவது வார ஊசி சிங்கப்பூரில். கிளம்புகிற நாளில் மூக்கடைப்பு இருந்தால் யோசிக்காமல் தேதியை மாற்று, மூக்கு அடைத்திருந்தால் காது வலி தாங்காது என்றும் சொன்னார். தேதி மாற்றினால் என்ன கட்டணம் என்று டிக்கெட் எடுக்கும்போதே நான் பார்த்து வைத்தது அதற்காகத்தான். எல்லாம் கேட்டுவிட்டு வெளியே வந்த அம்மாச்சி, "ஊட்டிக்கே கூட்டிட்டுப் போறதா இருந்தாலும் நான் விடமாட்டேன்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

கிளம்பும் நேரத்தில் டாக்டர் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார், அதை நான் அப்போது பாதிதான் காதில் வாங்கினேன். பிள்ளை பெற்ற உடம்பில் சில வாரங்களுக்கு ரத்தம் உறைவது அதிகம், முதல் 6 வாரத்தில் ரொம்ப அதிகம், அது தாண்டினாலும் கவனமாக இரு, ஒரே இடத்தில் மடக்கி உட்காராதே, கணுக்காலை ஆட்டிக்கொண்டே இரு, தண்ணீர் குடி. இவ்வளவுதான். அந்தப் பயணம் முழுக்க என்னைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டதும் இது மட்டும்தான்.

காகித வேலைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே ஒன்று தவறினால் மற்றதெல்லாம் நின்றுவிடும். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாமல் சிங்கப்பூரில் தங்குவதற்கான அனுமதிக்கு, அதாவது பாஸுக்கு, விண்ணப்பிக்க முடியாது, பாஸ் வராமல் டிக்கெட் எடுக்கத் தைரியம் வராது. பிறப்பைப் பதிவதற்குத் தமிழ்நாட்டில் கர்ப்பகாலத்திலேயே வாங்கிய பிக்மி எண் வேண்டும், கர்ப்பத்தை அரசுச் சுகாதாரத் துறையில் பதிந்தால் கொடுக்கும் எண் அது. 7-ஆவது மாதம் வரை வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊருக்கு வருகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள், ஊர் வந்து இறங்கிய அந்த வாரமே பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பதிந்துவிடுங்கள். அப்புறம் பெயர். பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்து ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், ஆனால் பெயரில்லாத சான்றிதழை வைத்துப் பாஸ்போர்ட் எடுக்க முடியாது. எங்கள் வீட்டில் 30-ஆம் நாள்தான் பெயர் வைப்பது. வீட்டுக்காரர் 22-ஆம் நாள் கிளம்ப வேண்டும். கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே பெயரை முடிவு செய்து சான்றிதழில் ஏற்றிவிட்டோம், 30-ஆம் நாள் முறைப்படி தொட்டிலில் போட்டுக் காதில் சொல்லிக்கொண்டோம். யாருக்கும் மனக்குறை இல்லை.

பாஸ்போர்ட்டைக் குழந்தையின் அப்பா ஊரில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழிப் படிவம் ஒன்று உண்டு, அனெக்சர் டி என்பார்கள். இருவரும் நேரில் போய்விட்டால் வேலை சுலபம், அவர் கடல் தாண்டிவிட்டால் அங்கிருந்து சான்றொப்பம் வாங்கி அனுப்பு என்று இழுக்கும். எங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் துணையின் பெயர் ஏற்றியிருந்தது, போலீஸ் விசாரணை இல்லாமலே வந்துவிட்டது. 8 வயதுக்குக் கீழ் 10 சதவீதம் தள்ளுபடி, 900 ரூபாய்தான் கட்டினோம். 5 வருடம் செல்லும்.

4 வயதுக்குக் கீழ் என்றால் போட்டோவை நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டும், வெள்ளைப் பின்னணியில். அந்த ஒரு போட்டோவுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. ஸ்டூடியோக்காரர் மேசைமேல் வெள்ளை வேட்டியை விரித்துப் பாப்பாவைப் படுக்கவைத்து, ஸ்டூல்மேல் ஏறி நின்று மேலிருந்து எடுத்தார். 16 நாள் குழந்தைக்குக் கழுத்து நிற்காது, முகம் ஒரு பக்கமாகச் சாயும், நேராக்கினால் கண்ணை மூடிக்கொள்வாள், கண்ணைத் திறந்தால் வாய் திறக்கும். அம்மா இரண்டு பக்கமும் கை வைத்துத் தலையைப் பிடிக்க, கை தெரியக்கூடாது என்று அவர் மறுபடி எடுக்க, கடைசியில் வேட்டிக்கு அடியில் இரண்டு கைக்குட்டையைச் சுருட்டிக் காதுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார். கன்னத்தில் அம்மாச்சி வைத்த திருஷ்டிப் பொட்டை நல்லெண்ணெய் தொட்டு அழிக்கச் சொன்னார். அம்மாச்சி அதை அழித்துவிட்டு, அதே மையை எடுத்துப் பாப்பாவின் உள்ளங்காலில் வைத்தார், போட்டோவில் கால் வராது என்று.

அடுத்து டிக்கெட். தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் காரில் ஒரு மணி நேரம். ஆனால் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போவது சிக்கன விமானங்கள்தான், குழந்தையைப் படுக்கவைக்கும் தொட்டில் கிடையாது. தொட்டில் வேண்டுமென்றால் சென்னை போய்ப் பெரிய விமானம் பிடிக்க வேண்டும், 300 கிலோமீட்டருக்கு மேல். நான் ஒரு வாரம் குழம்பினேன். தொட்டில் என்பது முன்வரிசைச் சுவரில் மாட்டுவது, முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும், விமானம் குலுங்கிப் பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற குழந்தையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நாலேகால் மணி நேரப் பயணத்துக்காக ஆறு மணி நேரம் காரில் வருவதில் அர்த்தமில்லை என்று திருச்சியையே எடுத்தேன், அது சரியான முடிவுதான். ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாதீர்கள், 9 மணி நேரமும் அதற்கு மேலும் தொட்டில் இல்லாமல் முடியாது.

2 வயதுக்குள் இருக்கும் குழந்தை மடியில்தான் பயணம் செய்யும், ஒரு பெரியவருக்கு மடியில் ஒரு குழந்தைதான். ஆனாலும் அதன் பெயரில் டிக்கெட் உண்டு, பணமும் உண்டு. பையில் எத்தனை கிலோ, குழந்தையின் தள்ளுவண்டி இலவசமா என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். நான் சன்னலோர இருக்கை எடுத்தேன். நடைபாதை ஓரம் எழுந்து போக வசதிதான், ஆனால் சாப்பாட்டு வண்டி இடிக்கும், போகிறவர் வருகிறவர் பை குழந்தையின் தலையில் படும், பால் கொடுக்கும்போது ஒரு பக்கம் திறந்தே இருக்கும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குச் சன்னலோரமே நல்லது. இன்னொரு விஷயம், அவசரத்துக்கு மேலேயிருந்து இறங்கும் ஆக்சிஜன் முகமூடி மூன்று இருக்கைக்கு நான்கு என்ற கணக்கில்தான் வழக்கமாக இருக்கும், அதனால் ஒரு பக்கத்து மூன்று இருக்கையில் இரண்டு கைக்குழந்தைகளை உட்கார விடமாட்டார்கள். குழந்தையோடு போகும் தோழியுடன் பக்கத்தில் உட்காரலாம் என்று திட்டம் போட்டால் இது தடுக்கும்.

பாப்பாவின் பையை நான் மூன்று நாள் அடுக்கினேன். டயப்பர் 12, மாற்று உடை 4, துடைக்கும் ஈரத்தாள், பாயாக விரிக்கும் ரப்பர் துணி, மூக்குச் சொட்டு மருந்து, தடுப்பூசி அட்டை, அழுக்கைப் போட பிளாஸ்டிக் பைகள். அம்மா தன் பங்குக்கு அவருடைய பழைய சுங்குடிப் புடவை ஒன்றைத் துவைத்து மடித்து மேலே வைத்தார். இவ்வளவு துணி இருக்கும்போது இது எதற்கு என்று எடுத்துவிடப் பார்த்தேன், அவர் விடவில்லை. அன்று ராத்திரி எனக்கு அதிகம் உதவியது அந்தப் புடவைதான். பால் கொடுக்கும்போது மறைப்பு, ஏசி குளிருக்குப் போர்வை, ஏப்பம் விடவைக்கத் தோள் துணி, கடைசியில் எனக்கே உடுப்பு.

அம்மாச்சி கட்டிக் கொடுத்ததில் இரண்டை மட்டும் எடுத்து வெளியே வைத்தேன். ஒன்று உரைமருந்து, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். மற்றொன்று பிள்ளை பெற்றவளுக்கென்று அரைத்த மசாலாப் பொடி, அதில் கசகசா இருந்தது. சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், துபாய் பக்கமும் அப்படித்தான். நம் வீட்டுச் சமையல் சாமான்தானே என்று யாரும் கொண்டு போய்விடாதீர்கள், அம்மா கட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு பொட்டலத்தையும் இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது திருச்சி. 2024-ல் திறந்த புது முனையம் நல்ல பெரிசு, பெரிசு என்பதால் நடையும் ஜாஸ்தி. வாசலில் துப்பாக்கி வைத்திருக்கும் வீரர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து என்னையும் பாப்பாவையும் மட்டும் உள்ளே விட்டார். அதுவரை பையைத் தூக்க அப்பா, பாப்பாவைத் தூக்க அம்மா, கதவைத் திறக்க யாராவது. கண்ணாடிக் கதவு மூடியவுடன் எல்லாம் நான்தான். இடது கையில் பாப்பா, வலது கையில் தள்ளுவண்டி, தோளில் பை, பல்லில் பாஸ்போர்ட். திரும்பிப் பார்த்தால் அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பாப்பாவின் குல்லாவைக் கீழே இழுத்துவிடு என்று தன் தலையில் கை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதை இழுத்துவிடக் கை இல்லை.

அப்போதுதான் உறைத்தது, இந்தப் பயணத்தில் எனக்கு ஒரு கை மட்டும்தான். நான் வைத்த எதுவும் ஒரு கையால் திறப்பதாக இல்லை. தள்ளுவண்டியை மடக்க இரண்டு கை வேண்டும், கூடவே காலும் வேண்டும். பையின் ஜிப்பை இழுக்கும்போது பையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மறுபடி போனால் தள்ளுவண்டியை எடுத்துப் போகமாட்டேன், மார்போடு சேர்த்துக் கட்டும் துணித்தூளிதான், அதில் கை இரண்டும் விடுதலை. வீட்டிலேயே ஒரு தடவை ஒத்திகை பாருங்கள்: குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் பாஸ்போர்ட்டை எடுக்க முடிகிறதா, டயப்பரை எடுக்க முடிகிறதா, தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடிகிறதா என்று. திறக்க முடியாததை வெளியே எடுத்துவிடுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் வண்டியையும் பையையும் இயந்திரத்தில் விட்டுவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். பெண் காவலர் கையில் இருந்த கருவியை அவள்மேல் காட்டியதும் இடுப்பில் கீச்சென்று கத்தியது. வெள்ளி அரைஞாண். காலில் கொலுசு, அதுவும் கத்தியது. காவலர் சிரித்துக்கொண்டே விரலால் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டார், ஆனால் சட்டையைத் தூக்கி, டயப்பரைக் கொஞ்சம் இறக்கிக் காட்டவேண்டியிருந்தது, தூங்கிக்கொண்டிருந்தவள் விழித்துக்கொண்டாள். வீட்டிலேயே கழற்றிக் கைப்பையில் போட்டிருக்கலாம், அரைஞாண் கயிறு மட்டும் போதும். பால் விஷயத்தில் பயப்பட வேண்டாம், கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கான 100 மில்லி கட்டுப்பாடு குழந்தையின் பாலுக்கும் கொதித்து ஆறிய நீருக்கும் இல்லை, பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டு போகலாம், எடுத்து வெளியே வைத்துச் சொல்லிவிட்டால் போதும். பீய்ச்சி எடுத்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம்தான் தாங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விமானத்தில் மேலே பை வைக்கும்போது, தையல் போட்ட வயிறு என்று வாய்விட்டுச் சொன்னேன், பின்னால் வந்தவர் உடனே வாங்கி வைத்தார். இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், சிசேரியன் ஆகி 3 மாதத்தில் 7 கிலோ பையைத் தலைக்கு மேல் தூக்குவது எந்த விதத்திலும் சரியில்லை. பணிப்பெண் குழந்தைக்கென்று தனியாக ஒரு சின்ன பெல்ட் கொடுத்தார். அதன் வளையத்தை நம் பெல்ட்டில் கோத்து அப்புறம் குழந்தையின் வயிற்றைச் சுற்றி மாட்ட வேண்டும். நம் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டிவிடக் கூடாது, திடீரென்று நின்றால் நம் உடம்பின் எடை முழுக்கக் குழந்தைமேல் விழும்.

காது அடைப்புக்கு, ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கிறது, விழுங்கும்போதெல்லாம் அது திறந்து மூடும், உள்ளே வெளியே அழுத்தம் சமமாகும், அதனால்தான். சரியான யோசனைதான், ஆனால் நேரத்தை யாரும் சொல்லவில்லை. கதவை மூடியவுடன் நான் பால் கொடுக்க ஆரம்பித்தேன். விமானம் நகர்ந்து, நின்று, திரும்பி, மறுபடி நின்று, உண்மையில் ஓட ஆரம்பிப்பதற்கு இருபது நிமிடம் ஆனது. அதற்குள் பாப்பா வயிறு நிறையக் குடித்துத் தூங்கிவிட்டாள். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை, தூங்கினாள். இறங்கும்போதுதான் காது அதிகம் வலிக்கும். அதற்குப் பசியை மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

ஒன்றரை மணி நேரம் போனதும் மடியில் சூடாக ஏதோ பரவியது. டயப்பர் தாங்கவில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு எப்படிப் போகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், முதுகு வழியாக மேலே ஏறிக் கழுத்துவரை மஞ்சளாக. என் சுடிதாரின் வயிற்றுப் பகுதி முழுக்க நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் மூக்கைச் சுளிக்காமல் எழுந்து வழிவிட்டார்கள், அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். எல்லாக் கழிவறையிலும் குழந்தையைப் படுக்கவைக்கும் பலகை இருக்காது, எதில் இருக்கிறது என்று ஏறியவுடனே கேட்டுவிடுங்கள். எனக்குப் பணிப்பெண் பின்பக்கம் காட்டினார். மடித்துவிட்டால் பலகை, நிமிர்த்தினால் சுவர், அவ்வளவு சின்ன இடம். ஒரு கை பாப்பாவின் நெஞ்சுமேல், ஒரு கையால் துடைத்து, கழற்றி, மாற்றி, அவளுக்குப் புது உடை போட்டு முடித்தபோது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு 4 உடை வைத்திருந்தேன். எனக்கு ஒன்றுகூட இல்லை.

நனைந்த இடத்தைத் தண்ணீர் போட்டுத் துடைத்தேன், இன்னும் ஈரமானதுதான் மிச்சம். அதே நேரத்தில் பாலும் சுரந்து மேலேயும் நனைந்தது. சுங்குடிப் புடவையை இரண்டாக மடித்து உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், மீதி இரண்டரை மணி நேரமும் ஏசி காற்றில் ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டே இருந்தேன். கைப்பையில் ஒரு குர்த்தா, ஒரு உள்ளாடை, மார்பில் வைக்கும் பஞ்சுப் பட்டை நாலு, இவ்வளவு இருந்திருந்தால் போதும். முன்பக்கம் ஜிப் வைத்த, அடர்நிறப் பருத்திக் குர்த்தா என்றால் இன்னும் நல்லது.

பசியும் சேர்ந்துகொண்டது. பால் கொடுப்பவளுக்கு வரும் பசியும் தாகமும் தனி, தள்ளிப் போடவே முடியாது. சிக்கன விமானத்தில் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. தண்ணீரும் விலைக்குத்தான், வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். சோதனை முடிந்த பிறகு உள்ளே பாட்டிலை நிரப்பிக்கொண்டிருக்கலாம், அதற்கும் ஒரு கை இல்லாமல் போய்விட்டது. கிளம்பும்போது அம்மா, இட்லியில் பொடி தடவித் தரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். ஒரு கையால் சாப்பிட, சிந்தாமல், சட்னி தேடாமல், மறுநாள் வரை கெடாமல் இருக்க அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. பணிப்பெண்ணிடம் பால் கொடுக்கிறேன், தண்ணீர் வேண்டும் என்று சொன்னதும் இரண்டு கோப்பை உடனே கொண்டு வந்தார், காசு வாங்கவில்லை. முதலிலேயே கேட்டிருக்கலாம்.

சரி, கழிவறை. குழந்தைக்காக இல்லை, எனக்காக. மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்தேன், இதைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. பணிப்பெண்கள் எல்லாரும் வேலையாக இருந்தார்கள். நடு இருக்கையில் இருந்தவர் புதுக்கோட்டைப் பக்கம், சிங்கப்பூரில் கட்டட வேலை. கடைசியில் கேட்டேவிட்டேன்: "அண்ணா, ரெண்டே நிமிஷம் பாப்பாவப் புடிக்கிறீங்களா?" அவர் ஒன்றும் சொல்லாமல் முதலில் உள்ளங்கை இரண்டையும் சட்டையில் நன்றாகத் துடைத்தார். அப்புறம் முன்னால் இருந்த சிறு மேசையை மடக்கி வைத்துவிட்டு, முழங்கை இரண்டையும் கைப்பிடிமேல் ஊன்றி, தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தை வாங்குவதுபோல வாங்கினார். நான் திரும்பி வந்தபோதும் அதே நிலையில், அசையாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம் பையனுக்கு ஏழு மாசம்மா, இன்னும் போன்லதான் பாத்துருக்கேன்" என்றார். நான் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவர் கையிலேயே இருந்தாள், நான் டாக்டர் சொன்னதுபோல நடைபாதையில் இரண்டு தடவை நடந்துவிட்டு வந்தேன்.

இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே விமானம் கீழே வர ஆரம்பித்துவிடும், பெல்ட் விளக்கு எரிவது அப்புறம்தான். விளக்குக்காகக் காத்திருந்தது என் தவறு. பாப்பா தூக்கத்தில் இருந்தவள் சட்டென்று வீறிட்டாள், முகம் சிவந்து, கால் இரண்டையும் உதைத்து, அதுவரை நான் கேட்காத அழுகை. மார்பில் வைத்தால் பிடிக்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டாள். பின் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா இருக்கை இடுக்கு வழியாக, "பாலை அவ உதட்டுல ரெண்டு சொட்டு விடும்மா, ருசி தெரிஞ்சா புடிச்சுக்கும்" என்றார். விட்டேன். இரண்டு முறை துப்பினாள், மூன்றாவது முறை நாக்கு நீண்டது, அப்புறம் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிட அழுகைதான், எனக்குத்தான் அது ஒரு ராத்திரியாக இருந்தது. பின்னால் சிங்கப்பூர் டாக்டரிடம் சொன்னபோது, அழுவதும் அந்தக் குழாயைத் திறக்கும், அழுததால் கெடுதல் ஒன்றும் இல்லை என்றார். தெரிந்திருந்தால் சுற்றியிருந்தவர்கள் முகத்தைப் பார்த்து அவ்வளவு தவித்திருக்கமாட்டேன். இறங்கும் நேரத்திலிருந்து 40 நிமிடத்தைக் கழித்து கைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள், மணி அடித்ததும் எழுப்பி மெதுவாகக் கொடுக்க ஆரம்பியுங்கள்.

விமான வாசலில் கொடுத்த தள்ளுவண்டி வாசலில் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள், கிடைக்கவில்லை, பெட்டிகளோடு கீழே வரும் என்றார்கள். சாங்கி விமான நிலையத்தில் அவ்வளவு தூரமும் பாப்பாவைக் கையில் சுமந்தே நடந்தேன். வழியில் குழந்தை பராமரிப்பு அறை ஒன்று, வெந்நீர், உடை மாற்றப் பலகை, பால் கொடுக்கத் தனி இடம், கதவைப் பூட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்தேன். அங்கே அவசரப்படாதீர்கள், வெளியே காத்திருப்பவர் இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

குடிநுழைவில் இன்னொன்று மாட்டியது. சிங்கப்பூருக்குள் வருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை எனக்கு நிரப்பியிருந்தேன். கைக்குழந்தைக்கும் தனியாக ஒன்று வேண்டும் என்பது தோன்றவே இல்லை. ஓரமாக நின்று, ஒரு கையில் பாப்பாவும் ஒரு கையில் போனுமாகக் கட்டைவிரலால் அவள் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டி அனுப்பினேன். இரண்டு பேருக்கும் ஒரே தடவையில் வீட்டிலேயே நிரப்பியிருக்க முடியும். அவளுடைய பாஸுக்கான ஒப்புதல் கடிதத்தை மட்டும் அச்செடுத்து வைத்திருந்தேன், அதிகாரி அதைப் பார்த்ததும் வேலை முடிந்துவிட்டது.

வெளியே வந்தபோது வீட்டுக்காரர் பாப்பாவைத்தான் முதலில் வாங்கினார். 9 வாரம் கழித்துப் பார்க்கிறார், அடையாளமே தெரியவில்லை என்றார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார், இது என்ன, அத்தை புடவையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாய் என்று கேட்டார். டாக்சியில் ஏறியதும் முதலில் தண்ணீர் வாங்கச் சொன்னேன், ஒரு லிட்டரையும் ஒரே மூச்சில் குடித்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், பாப்பாவுக்கு 8 மாதம் ஆகியிருக்கும், கூழ் கிண்ணமும் தவழும் வேகமும் வேறு சேர்ந்துகொள்ளும். நேற்று அவள் பையை எடுத்துத் தூசி தட்டினேன். எல்லாவற்றுக்கும் அடியில் என் நீலக் குர்த்தாவையும், அதற்குமேல் அம்மாவின் சுங்குடிப் புடவையையும் மடித்து வைத்திருக்கிறேன்.